கார்பன் குறைக்கிற செலவு யார் தலையில்? திருப்பூர், கோவை, ஈரோடு பக்கத்து நண்பர்கள் பேசுங்க

சாயத்தொட்டி எழுதியது:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஜாப் ஒர்க் சாயப்பட்டறை நடத்தறோம், அப்பா காலத்துல இருந்து. ஒரு விஷயத்துல உங்க எல்லார் கருத்தும் வேணும்.

நாங்க துணி போட்டுக் குடுக்கற எக்ஸ்போர்ட் கம்பெனி மூலமா ஐரோப்பிய பையர்கிட்ட இருந்து ஒரு படிவம் வந்திருக்கு. ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை யூனிட் கரண்ட், அதுல காத்தாலை கரண்ட் எவ்வளவு, ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவுன்னு வரிசையாக் கேட்டிருக்காங்க. 2030-க்குள்ள கார்பனைப் பாதியாக் குறைக்க என்ன திட்டம்னு எழுதறதுக்குத் தனியா ஒரு பக்கம் வேற. அதே வாரத்துல அதே பையரோட கொள்முதல் பிரிவு, அடுத்த சீசனுக்கு விலையைக் குறைச்சுத் தரணும்னு மெயில் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனியில இருந்து வந்ததுதான்.

ஒரு அமெரிக்கர் வருசத்துக்குச் சுமார் 14 டன் கார்பன் விடறார், ஒரு இந்தியர் 2 டன் கிட்ட. எங்க பட்டறையில வேலை செய்யறவங்க வீட்டுல ஏ.சி. கிடையாது, கார் கிடையாது. 2025 ஜனவரியில பாரீஸ் பருவநிலை ஒப்பந்தத்துல இருந்து மறுபடியும் வெளியே போறோம்னு அமெரிக்கா அறிவிச்சுது, அதே வருசம் ஆகஸ்ட்ல நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டுது. ஆர்டர் நின்னு எத்தனை யூனிட் காத்துக் கெடந்துதுன்னு ஊருக்கே தெரியும். இவங்களுக்கு நாம எதுக்குக் கணக்குக் காட்டணும்னு ஒரு பக்கம் கோவம் வருது.

இன்னொரு பக்கம், முதல்ல சம்பாதிச்சுக்கலாம், சுத்தமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி விட்டு நம்ம ஊர் செஞ்சதோட முடிவும் கண்ணு முன்னாடி இருக்கு. அதே பேச்சைக் கார்பன் விஷயத்துலயும் பேசறது சரியா? படிவத்தை நிரப்பி அனுப்பறதுக்கு முன்னாடி நாலு பேர் சொல்றதைக் கேக்கணும்னு தோணுச்சு.


கீழ்மடை எழுதியது:

எங்க பூமி சென்னிமலைக்குக் கிட்டக்க, நொய்யல் பாசனத்துல இருக்குதுங்க. ஒரத்துப்பாளையம் அணையை 1990-கள் ஆரம்பத்துல கட்டுனாங்க. ஈரோடு, கரூர் ரெண்டு மாவட்டத்துலயும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாயோணும்னுதான் கட்டுனது. நல்ல தண்ணி பாஞ்சது கொஞ்ச வருசந்தான். அப்பறம் அணைக்குள்ள நின்னது பூராவும் சாயத்தண்ணி. தொறந்து உட்டாக் காவிரிக்குப் போயிச் சேருது, அடைச்சு வெச்சாச் சுத்துவட்டாரக் கெணத்துல எறங்குது. எங்க அப்பாரு தொட்டியில எறைச்சு ஊத்துனா எருமை மோந்து பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கும். மஞ்சளும் வாழையும் வெளைஞ்ச காட்டுல மேல்மண்ணு வெள்ளையா உப்புப் பூத்துக் கெடந்துச்சு. வெள்ளாமை நின்னுபோய் பாதிப் பேரு பூமியப் போட்டுட்டு, அதே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாங்க.

ஆயக்கட்டு விவசாயிக கோர்ட்டுல நின்னு போராடுனாங்க. 2006-ல, கழிவுத்தண்ணி ஒரு சொட்டும் வெளிய வரப்படாதுன்னு ஐகோர்ட்டு சொல்லிப்போட்டுது. 2009-ல சுப்ரீம் கோர்ட்டும், மாசுபடுத்துனவங்கதான் ஈடு குடுக்கோணும்னு உறுதியாச் சொல்லுச்சு. அப்பவும் நிக்கல. 2011 ஜனவரியில அத்தனை பட்டறையையும் மூடச் சொன்னதுக்கு அப்பறம்தான் ஆத்துல சாயம் வர்றது கொறைஞ்சுது.

வளர்ச்சியா, சூழலான்னு தராசு தூக்கறீங்க. அந்தத் தராசை யாரு கையில புடிக்கறாங்கன்னு பாக்கோணுமுங்க. வளர்ச்சி வந்தது திருப்பூருக்கு, செலவு வந்தது எங்க மடைக்கு. மேல இருக்கறவன் அனுபவிச்சான், கீழ இருக்கறவன் கட்டறான்னு அமெரிக்காக்காரன் மேல நீங்க சொல்ற குத்தம் இருக்குதே, அதை வார்த்தை மாறாம நாங்க உங்க மேல சொல்லியிருக்கறோம். அன்னைக்கு நீங்க சொன்ன பதிலு என்ன? ஏற்றுமதி போயிரும், லச்சக்கணக்குல வேலை போயிரும், இப்பத்தான் தலையெடுக்கறோம். இன்னைக்கு டெல்லிக்காரங்க வெளிநாட்டு மாநாட்டுல சொல்றதும் அதேதான். ரெண்டு எடத்துலயும் நாயம் ஒண்ணாத்தான் இருக்கோணும்.


சாயத்தொட்டி எழுதியது:

அண்ணா, நீங்க சொன்னதுல மறுத்துப் பேச எதுவும் இல்லீங்க. 2011-க்கு அப்பறம் பட்டறைக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். வெளியில இருக்கறவங்களுக்கு இது தெரியறது கஷ்டம், இந்தப் படிவத்தோட சிக்கலும் அங்கதான் இருக்கு.

நாங்க விடற சாயத்தண்ணி குழாய் வழியாப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. அங்க முதல்ல பாக்டீரியாத் தொட்டியில காத்தடிச்சு அழுக்கைத் தின்ன வைக்கறாங்க. அதுக்கு ராப்பகலா ப்ளோயர் ஓடணும். அப்பறம் வடிகட்டி, ஆர்.ஓ.வுக்குள்ள அழுத்தம் குடுத்துத் தள்ளறாங்க. பெரும்பங்கு நல்ல தண்ணியா வெளிய வந்து எங்களுக்கே திரும்ப வருது, அதுலதான் மறுபடி சாயம் போடறோம். மிச்சம் நிக்கற உப்புக் கரைசல்தான் பெரிய பாடு. அதுல ஒரு பகுதியைச் சுத்தம் பண்ணிச் சாயம் போடறதுக்கே உப்புத்தண்ணியாக் குடுக்கறாங்க. மீதியை எவாப்பரேட்டர்ல போட்டுக் காய்ச்சணும். காய்ச்சறதுன்னா உண்மையாவே காய்ச்சறதுதான், பாய்லர்ல விறகு போட்டு ஆவி எடுத்து, தண்ணி பூரா ஆவியாகிப் போற வரைக்கும். கடைசியில நிக்கறது கலப்பு உப்பு. யாரும் வாங்க மாட்டாங்க, மண்ணுல கொட்டவும் கூடாது. மூட்டை பிடிச்சுக் கொட்டகையில அடுக்கி வெச்சிருக்கு. மழை பெய்யறப்பக் கூரை ஒழுகுதான்னு ஆள் விட்டுப் பாக்கறாங்க.

ஆத்துல ஒரு சொட்டு விடாம இருக்கறதுக்கு நாங்க கூடுதலா விறகு எரிக்கிறோம், கூடுதலாக் கரண்ட் செலவு பண்றோம். ஆத்துல விடறதுக்கு அனுமதி இருக்கற வேற ஊர்ல, வேற நாட்டுல, இந்த எவாப்பரேட்டரே கிடையாது. அவங்க படிவத்துல கார்பன் குறைச்சலாத் தெரியும், எங்களுதுல அதிகமாத் தெரியும். ஆத்தைக் காப்பாத்துன பட்டறைக்கு மார்க் குறையுது. படிவத்தைத் தயார் பண்ணவங்க யாரும் இங்க வந்து அந்த எவாப்பரேட்டர் பக்கத்துல நின்னு பாத்திருக்க மாட்டாங்க.

இதுல வர்ற செலவு ஒவ்வொரு கிலோ துணி மேலயும் விழுது. அதைத் தாங்க முடியாம எத்தனையோ சின்னப் பட்டறைக 2011-லயே மூடுனது மூடுனதுதான். மாநில அரசு வட்டியில்லாக் கடன் குடுத்துச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தூக்கி நிறுத்துச்சு. பையர் யாரும் ஒரு பைசா ஏத்திக் குடுக்கல.


ஓவர்லாக் அக்கா எழுதியது:

நான் பனியன் கம்பெனியில டெய்லரு. இங்க எல்லாரும் முதலாளி கணக்கும் விவசாயி கணக்கும் பேசறீங்க, எங்க கணக்கையும் கேளுங்க.

2011-ல பட்டறைக மூடுனப்போ துணி வராம எங்க கம்பெனியும் பாதி நாள் ஓடல. வாரச் சம்பளம் வாங்கறவங்க நாங்க. சனிக்கிழமை கவரு வரலீன்னா அடுத்த வாரம் மளிகைக் கடையில நிக்க முடியாது. ஒடிசா, பீகார்ல இருந்து வந்திருந்த புள்ளைக மூட்டையக் கட்டிட்டு ரயில் ஏறிருச்சுக. கோர்ட்டு சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. அந்த மாசம் எங்களுக்கு யாரும் ஒண்ணும் தரல.

இப்பப் புதுசா வந்திருக்கறது வெயிலு. மேல தகரக் கூரை. ஏப்ரல், மே மாசத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஊசியப் பாக்க முடியாம கண்ணு எரியும், கை வேர்த்துத் துணி ஒட்டும். பீஸ் ரேட்டுல தைக்கிறவங்களுக்குக் கை மெதுவானாக் காசு கொறையும். மயக்கம் வந்து ஒக்காந்தா அந்த நேரம் எங்க கணக்குலதான் கழியுது. பூமி சூடாகுதுன்னு நீங்க பேசறதுக்கு முன்னாலயே நாங்க அதுக்குச் சம்பளத்துல கட்டிட்டு இருக்கறோம்.


வார்ப்படம் எழுதியது:

கோவையில் வார்ப்பட ஆலை வைத்திருக்கிறோம். பம்ப்செட் உறை, மோட்டார் பாகம், குழாய் இணைப்பு எல்லாம் ஊற்றுகிறோம். திருப்பூருக்குப் படிவமாக வந்தது எங்கள் தொழிலுக்கு வரியாகவே வந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு எல்லைக் கார்பன் கணக்கு, அதாவது இறக்குமதியாகும் பொருளைத் தயாரிக்க எவ்வளவு கார்பன் வெளியானது என்ற கணக்கு, கேட்கிறது. 2026 ஜனவரி முதல் அது பணம் கட்டும் கடமை. குழாய் இணைப்பு, போல்ட், நட்டு வரைக்கும் பட்டியலில் இருக்கிறது. துணி இப்போதைக்கு இல்லை. அந்தக் கார்பனுக்கான சான்றிதழை வாங்கிப் பணம் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். அந்தத் தொகையை அவர் எங்கள் விலையில் கழிக்கிறார்.

எனக்கு உறுத்துவது அந்தப் பணம் போய்ச் சேரும் இடம். வசூலாவது ஐரோப்பாவின் கஜானாவுக்கு. என் ஆலையில் கோக் கரி போட்டு உருக்கும் குப்போலாவை எடுத்துவிட்டு, மின்சாரத்தில் உருக்கும் இண்டக்ஷன் உலை வைக்க அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. 1992-ல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. பருவநிலை உடன்படிக்கை, எல்லா நாட்டுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு கிட்டத்தட்ட நாலில் ஒன்று. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு. 2009-ல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2020-லிருந்து ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருகிறோம் என்று பணக்கார நாடுகள் சொன்னன. அந்தத் தொகையை எட்டியது 2022-ல், அதிலும் பெரும்பங்கு கடன். 2024-ல் பாகு பருவநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. முடிவில் பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது 30,000 கோடி டாலர், அதுவும் 2035-க்குள். இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து மறுப்புச் சொன்னார்.

கார்பனைக் குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. இந்த ஊர் தொழில் ஊரானதே 1932-ல் நீலகிரியிலிருந்து வந்த பைக்காரா நீர் மின்சாரத்தால்தான். மில்கள் வரிசையாக எழுந்தது அந்தக் கம்பி வந்த பிறகு. சுத்தமான மின்சாரம் மலிவாகக் கிடைத்தால் தொழில் செழிக்கும் என்பதற்குக் கோவையே சாட்சி. ஆனால் இண்டக்ஷன் உலை வைத்தால் மட்டும் போதாது, அதற்குள் வரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பக்கம் இன்றைக்கும் நிலக்கரிதான்.


ஈரோடு மஞ்சள் எழுதியது:

பொருளாதாரம் படிக்கிற மாணவன். வார்ப்படம் ஐயா சொன்ன வரலாற்றுப் பொறுப்பு முழுக்க உண்மை. 1972-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி வறுமையையும் மாசையும் சேர்த்துப் பேசிய நாள் முதல் இந்தியா இதைத்தான் சொல்லி வருகிறது. வறுமை ஒழிய மின்சாரம் வேண்டும், சாலை வேண்டும், வேலை வேண்டும். அதை மறுக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லை.

ஆனால் தலைக்கு 2 டன் என்ற கணக்கு எனக்கு நெருடுகிறது. அது சராசரி. அந்தச் சராசரியைக் குறைவாக வைத்திருப்பவர்கள் ஓவர்லாக் அக்காவும் அவருடன் ரயிலேறி வந்த பீகார் தொழிலாளியும்தான். வீட்டுக்கு மூன்று கார், அறைக்கு ஒரு ஏ.சி. என்று வாழ்பவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய புகை ஏழைகளின் கணக்கில் கலந்து கரைந்துவிடுகிறது. உலக அரங்கில் ஏழையின் பெயரைச் சொல்லி இடம் கேட்கிறோம். கேட்டு வாங்கிய இடத்தை இங்கே யார் நிரப்புகிறார்கள்?

ஒரு நாட்டுக்கு வளர உரிமை உண்டு என்பதும், அந்த நாட்டுக்குள் யார் எவ்வளவு எரிக்கலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதை மூடிவிடக் கூடாது.


வார்ப்படம் எழுதியது:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதைச் சாக்காக வைத்து வெளிநாட்டுக்காரன் நம்மிடம் வரி வாங்குவதை நியாயப்படுத்த முடியாது. கோவைப் பணக்காரரின் காருக்காக அந்த வரி போடவில்லை, என் ஆலையில் ஊற்றும் இரும்புக்குப் போடுகிறார்கள்.


ஈரோடு மஞ்சள் எழுதியது:

நியாயப்படுத்தவில்லை ஐயா. ஒரு யோசனை சொல்கிறேன். பொருள் தயாரான நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் ஐரோப்பா அதைக் கழித்துக்கொள்ளும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023-ல் மத்திய அரசும் கார்பன் வரவுச் சந்தைக்கான திட்டத்தை அறிவித்திருக்கிறது. எப்படியும் போகப்போகிற பணம் என்றால் அதை இங்கேயே வசூலித்து, உங்களைப் போன்ற சிறு ஆலைகள் உலை மாற்றுவதற்கே திருப்பித் தரச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகமான பிரசல்ஸுக்குப் போனால் திரும்பாது. நம் அரசிடம் என்றால் கேள்வி கேட்கலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம்.


கேத்தனூர் காத்து எழுதியது:

பல்லடம் பக்கம் எங்க காட்டுல ஒரு பழைய காத்தாலை நிக்குது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசி, ஆனியில காத்துக் கிளம்புனா ஐப்பசி வரைக்கும் எங்களுக்குச் சீசன். தமிழ்நாட்டுல காத்தாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு, அதுல உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துப் பங்கு பெரிசு. திருப்பூர் கம்பெனிகளும் மில்லுகளும் சொந்தமாக் காத்தாலை போட்டது பூமியக் காப்பாத்தறதுக்குன்னு மட்டும் இல்லை, கரண்ட் பில்லுக்குப் பயந்துதான். அதுல தப்பும் இல்லை. லாபமும் நல்லதும் ஒரே திசையில போன எடத்துல இந்த ஊரு எவனுக்கும் சளைச்சதில்லை.

ஒரு விஷயம் சொல்லோணும். நல்லாக் காத்தடிக்கிற எடத்தையெல்லாம் 1990-கள்ல போட்ட 225, 250 கிலோவாட் மிஷின்தான் புடிச்சு வெச்சிருக்குது. இன்னைக்கு ஒரே மிஷின் 2, 3 மெகாவாட் வருது. பழசைக் கழட்டிப் புதுசு நட்டா அதே காட்டுல பல மடங்கு கரண்ட் எடுக்கலாம். மாநில அரசும் அதுக்குன்னு 2024-ல ஒரு கொள்கை கொண்டு வந்துது. ஆனாச் சின்ன ஓனருக்கு அத்தனை கோடி எங்க இருந்து வரும்? சீசன்ல மிச்சமாகற யூனிட்டை மின்வாரியத்துல வரவு வெச்சு அப்பறம் எடுத்துக்கற பேங்கிங் வசதியும் புதுசா வர்றவங்களுக்குப் பழையபடி இல்லை. பாங்குல கேட்டா அதைத்தான் மொதல்லக் கேக்கறாங்க.

இன்னொண்ணு. சத்தீஸ்கர் ராய்கர்ல இருந்து தமிழ்நாட்டுல புகளூர் ஸ்டேஷன் வரைக்கும் 1,765 கிலோமீட்டர், 6,000 மெகாவாட் லைன் வந்திருக்குதே, அது அங்க நிலக்கரியில எடுக்கற கரண்டை இங்க கொண்டு வர்றதுக்குப் போட்டது. நம்ம காத்து மிச்சமானா அதே கம்பியில வடக்கேயும் அனுப்பலாம்ங்கறாங்க. அந்தக் கோபுரம் நட்டப்போ திருப்பூர், ஈரோடு, கரூர் விவசாயிக எத்தனை நாளு தெருவுல ஒக்காந்தாங்க! கோபுரம் நின்ன எடத்துல தென்னை வெக்க முடியாது, பூமி வெலை போகாது, வந்த ஈடோ கம்மி. நாளைக்குக் காத்துக் கரண்டுக்குன்னு புது லைன் வந்தாலும் இதே கதைதான் நடக்கும். சுத்தமான கரண்டா இருந்தாலும் கோபுரம் நடறது யாரோ ஒருத்தரு காட்டுலதான்.


கீழ்மடை எழுதியது:

அதுதானுங்க. கரண்டுங்கறது இங்க வெறும் கரண்டு இல்லை. 1970-ல பெருமாநல்லூர்ல மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ன விவசாயிகளைச் சுட்டாங்க. அவிங்க உசுரு குடுத்ததுல இருந்து வளந்த போராட்டத்துலதான் பின்னால பம்புசெட்டுக்கு இலவசக் கரண்டு வந்துது. நெலக்கரியக் கொறைக்கறேன்னு சொல்லி நாளைக்கு யாராச்சும் அதுல கை வெச்சா இந்தச் சீமை பொறுத்துக்காது. கொறைக்கோணும்னா மேல இருந்து கொறைச்சுட்டு வாங்க.


ஈரோடு மஞ்சள் எழுதியது:

ஐயா, இலவச மின்சாரத்தை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு இறைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். மின்சாரம் இலவசம் என்பதற்காகத் தண்ணீர் அங்கேயே இருந்துவிடாதே. அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.


தென்னந்தோப்பு எழுதியது:

ஆனைமலைப் பக்கம் தோப்பு. 2016-17 வறட்சியில பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துல பட்டுப்போன மரத்தைப் பாத்தவங்களுக்குப் பருவநிலை மாற்றம்னு பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாரித் தண்ணி வாங்கி மரத்துக்கு ஊத்துனோம். காய்க்கிற மரத்துக்கு மட்டும் ஊத்துறதா, இளம் பிள்ளைக்கும் ஊத்துறதான்னு வீட்டுக்குள்ளயே சண்டை. ஒரு தென்னை பட்டுப்போனா மறுபடி நட்டுக் காய் பாக்க அஞ்சாறு வருசம் ஆகும். இப்ப வெள்ளை ஈ ஒரு பக்கம், கேரள வாடல் ஒரு பக்கம்.

2022-ல எகிப்து பருவநிலை மாநாட்டுல இழப்பு, சேதத்துக்குன்னு ஒரு நிதி வெக்க முடிவு பண்ணி, அடுத்த வருசம் துபாய்ல அதைத் தொடங்குனாங்க. அதுல இருந்து என் தோப்புக்கு ஏதாவது வரும்னு நான் காத்திருக்கல. ஆனா, வளர்ச்சியை நிறுத்தாதீங்க, கார்பனை அப்பறம் பாத்துக்கலாம்னு யாராவது சொன்னா, விவசாயமும் வளர்ச்சிதான்னு அவங்களுக்குச் சொல்லணும். தேங்கா, கொப்பரை, கயிறு, தென்னைநார்க் கட்டின்னு எங்க பக்கமும் கப்பல் ஏறுது. சூடு ஏற ஏற அடி வாங்கறது இந்த ஏற்றுமதிதான்.


சாயத்தொட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. எனக்கு இப்ப ஒண்ணு தெளிவா இருக்கு. குறைக்கணுமா வேண்டாமாங்கறதுல இங்க யாருக்கும் பெரிசாச் சண்டை இல்லை. செலவை யார் தாங்கறதுங்கறதுலதான் இருக்கு. பையர் எக்ஸ்போர்ட்டர் மேல தள்ளறார், எக்ஸ்போர்ட்டர் என் மேல தள்ளறார். நான் சும்மா இருந்தா என் ஆளுங்க கூலியிலயும் கீழ்மடை அண்ணா ஆத்துலயும்தான் அது போய் விழும்.

பட்டறைக்குள்ளயே செய்ய முடியறதுன்னு நான் நெனைக்கறதைச் சொல்றேன். துணியைச் சலவை பண்றதுக்கு 95 டிகிரி வேணும், ரியாக்டிவ் சாயத்துக்கு 60 போதும், சாயம் போட்ட பின்னாடி சோப்புக்கு மறுபடி 90-க்கு மேல. ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணியை ஏத்திச் சூடு பண்ணிட்டு, சூடா இருக்கறப்பவே வடிச்சு விடறோம். ஆவி குளுந்து தண்ணியாத் திரும்பற கண்டன்சேட்டைப் பாய்லருக்குத் திருப்பிக் கொண்டு வர்ற பைப் பல பட்டறையில இல்லை, எங்களுதுல பாதிக்குத்தான் இருக்கு. அது முழுசா இருந்தாலே விறகு குறையும். கூரையில சூரிய வெந்நீர்த் தகடு போட்டு, பாய்லருக்குள்ள போற தண்ணியை முன்னாடியே வெதுவெதுப்பாக்கலாம். பழைய விஞ்சு மிஷினை எடுத்துட்டுக் குறைஞ்ச தண்ணியில ஓடற சாஃப்ட் ஃப்ளோ வெச்சா, சூடு பண்ண வேண்டிய தண்ணியும் குறையும், எவாப்பரேட்டருக்குப் போற தண்ணியும் குறையும். ஆறும் காத்தும் ஒண்ணாப் பொழைக்கிற வழி இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு இருக்கு. ஆனா மிஷினுக்கு முதல் வேணும். விலையைக் குறைன்னு மெயில் போடற பையரை நம்பி எப்படிக் கடன் வாங்கறது?


வார்ப்படம் எழுதியது:

அப்படியானால் படிவத்தில் அதையே எழுதுங்கள். கேட்ட கட்டத்தை மட்டும் நிரப்பி அனுப்பினால் உங்களை எண்ணாக மட்டும் பார்ப்பார்கள். சுத்திகரிப்பில் போகிற விறகையும் மின்சாரத்தையும் சாயத்துக்கான கணக்கோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள். ஆற்றில் விடாததற்காக இவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும். உங்கள் விலைக் கணக்குத் தாளில் (காஸ்டிங் ஷீட்) நூல், நிட்டிங், சாயம் என்று வரி வரியாகப் போடுகிறீர்கள் அல்லவா, அதில் சுத்திகரிப்புச் செலவு என்றும் கார்பன் குறைப்புச் செலவு என்றும் இரண்டு வரி சேருங்கள். விலையைக் குறைக்கச் சொல்லும்போது எந்த வரியில் குறைப்பது என்று அவர்களே சொல்லட்டும். ஒருவர் மட்டும் செய்தால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கும் எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து ஒரே மாதிரி எழுதுங்கள்.


கீழ்மடை எழுதியது:

அந்தக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்புடுங்க. சுத்தம் பண்ற செலவு ஏறுதுன்னு கணக்குக் காட்டி, ராத்திரியோட ராத்திரியாத் தண்ணிய ஆத்துல தொறந்து உடற ஆளு இன்னைக்கும் இருக்கறான். மழ பேஞ்சா நுரையோட ஓடுது. கார்பன் கொறைக்கறதுக்குன்னு எவாப்பரேட்டரை நிறுத்தறதுன்னா அதுக்கு மொதல்ல வந்து நிக்கறது நாங்களாத்தான் இருப்போம். கொட்டகையில இருக்கற உப்புக்கும் ஒரு வழி சொல்லிப்போடுங்க.


சாயத்தொட்டி எழுதியது:

எவாப்பரேட்டர்ல கை வெக்கற பேச்சே இல்லீங்கண்ணா. உப்பைப் பிரிச்சு எடுத்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தற வேலையைப் படிவத்துல திட்டம் கேட்ட பக்கத்துல முதல் வரியா எழுதறேன். நிலையத்துக் கூட்டம் தேதி முடிவானதும் இங்கயே போடறேன், நீங்களும் ஆயக்கட்டுக்காரங்க ரெண்டு மூணு பேரும் வாங்க.


ஓவர்லாக் அக்கா எழுதியது:

அண்ணா, செலவுக்குப் புதுசா வரி சேக்கறப்போ இன்னொரு வரியும் சேருங்க. தைக்கிற எடத்துல கூரைக்கு வெள்ளைப் பூச்சு, எக்ஸாஸ்ட் ஃபேனு, வெயில் காலத்துல மத்தியானம் கூலி புடிக்காத அரை மணி நேர ஓய்வு. இதுவும் பூமி சூடாகறதால வர்ற செலவுதானே?


சாயத்தொட்டி எழுதியது:

நியாயமான வரிங்க்கா. எங்க பட்டறை காஸ்டிங்ல பாய்லர் பக்கம் நிக்கற ஆளுகளுக்குச் சேர்த்து நான் போட்டுடறேன். தையல் செக்ஷன் எக்ஸ்போர்ட்டர் கையில இருக்கு. அவங்க ஷீட்ல அது ஏறணும்னா எங்க பட்டறைகளோட கடிதத்துல அதையும் கேக்கணும். வரைவு எழுதி ஞாயித்துக்கிழமைக்குள்ள இங்க ஒட்டறேன், தைக்கிற எடத்துக்கான வாசகத்தை நீங்களே பாத்துத் திருத்திக் குடுங்க.


ஓவர்லாக் அக்கா எழுதியது:

சரிங்கண்ணா. எங்க லைன்ல இருக்கற மத்தவங்களையும் கேட்டுட்டு எழுதறேன்.